ரொட்டி சாபிரின் ஏறுதோல்

எங்கள் மலையூர் கொமூர்-சாயில் சாபிர் என்று கேட்டால் எந்த சாபிர் என்பார்கள். ரொட்டி சாபிர் என்றால் குழந்தைகூட என் வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டுவிடும். இந்தப் பட்டம் எப்படி வந்தது என்பதை நானே சொல்லிவிடுகிறேன். ஊரார் சொன்னால் கண், காது, மூக்கு வைத்துச் சொல்வார்கள்.

நான் பனிச்சறுக்கு வழிகாட்டி. நிலக்கரிச் சுரங்கம் மூடிய பிறகு எங்கள் குடும்பத்துக்கு இதுதான் பிழைப்பு. அக்கா சையராவும் வழிகாட்டி, அவள் புருஷன் எர்மெக்கும் வழிகாட்டி. சுரங்கத்துக்கு மேலே வடக்குப் பார்த்து ஒரு பெரிய சரிவு இருக்கிறது. இடது ஓரத்தில் ஒரு பாறை வரிசை, மற்றபடி உச்சியிலிருந்து அடிவரை ஒரே வெள்ளை. மணப்பெண் என்று பெயர். புதுப்பனி கொட்டின காலையில் அதில் சறுக்குக்கட்டை கிழிக்கும் முதல் கோடு யாருடையது என்பதை ஊரே அண்ணாந்து பார்க்கும். அடுத்த பனி வரும்வரை டீக்கடையில் அதே பேச்சாக இருக்கும்.

போன குளிர்காலத்தில் அப்படி ஒரு காலை. என் விருந்தாளிகள் முந்தின நாள் குடித்துவிட்டு மட்டையாகக் கிடந்தார்கள். எர்மெக்கோ தன் ஆட்களோடு புறப்பட்டுக்கொண்டிருந்தார். நான் அவர் வாசலுக்கு ஓடினேன். "மச்சான், விடியுமுன்ன மேல போய்ப் பார்த்துட்டேன். மணப்பெண் சரியில்ல. காலடியிலயே விரிசல் விடுது" என்றேன். அவர் சந்தேகமாகப் பார்த்தார். நான் பையிலிருந்து ரொட்டியை எடுத்து நெற்றியில் ஒற்றி, "பொய் சொன்னா இந்த ரொட்டி என்ன அடிக்கட்டும்" என்றேன்.

கீழே விழுந்த துண்டைக்கூட எடுத்து முத்தமிட்டு உயரத்தில் வைக்கிற ஜனங்கள் நாங்கள். ரொட்டி மேல் யாரும் பொய் சொல்வதில்லை. எர்மெக் ஆட்களைத் திருப்பிக்கொண்டு பக்கத்துப் பள்ளத்தாக்குக்குப் போனார். மத்தியானம் என் ஆட்கள் எழுந்தார்கள். மணப்பெண்ணில் நாலு கோடு போட்டோம், ஊர் பார்க்க.

சாயங்காலத்துக்குள் பட்டம் கட்டிவிட்டார்கள். காற்று திரும்பிவிட்டது, மத்தியானத்துக்குள் பனி இறுகிவிட்டது என்று சாதித்தேன். ஒரு வருஷம் முழுக்க அதையே சாதித்தேன். எர்மெக் அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. எங்கள் பக்கத்தில் எவ்வளவு அவசரமாக வாசலில் வந்து நின்றாலும் ஒரு வாய் ரொட்டி தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். என் வீட்டுக்கு வந்திருக்கும் அக்காவைக் கூப்பிட வாசலுக்கு வரும்போதெல்லாம் நான் ரொட்டியை நீட்டுவேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்ப்பார். நாலைந்து தடவைக்குப் பிறகு நீட்டுவதை விட்டுவிட்டேன்.

இந்த வருஷம் ஜனவரியில் இருபது நாள் பனியே இல்லை. வெறும் குளிர், பல் கிட்டுகிற குளிர். பிறகு ஒரு ராத்திரியில் சேர்த்துவைத்துக் கொட்டியது. காலையில் கதவைத் திறக்க முடியவில்லை. ஜன்னல் வழியாகக் குதித்து, மண்வெட்டியை நட்டு அளந்தேன். ஒன்றரை மண்வெட்டி ஆழம்.

புல்டோசர்காரருக்குப் போன் போட்டேன். "ரோடு எங்கன்னே தெரியல. ரெண்டு நாளைக்கு என்ன எழுப்பாத" என்று வைத்துவிட்டார்.

என் வீட்டில் அப்போது இரண்டு விருந்தாளிகள். அல்மாட்டியிலிருந்து வந்த பல் டாக்டர் மதினா, அவளிடம் வேலை செய்கிற தாரியா. ஆறு நாளாக என்னோடு காய்ந்த பனியில் உரசிக்கொண்டு கிடந்தவர்கள். அன்று காலை கிளம்ப வேண்டியவர்கள். ரோடு மூடிவிட்டது என்றதும் மதினா கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டு ஒரு ஆட்டம் போட்டாள்.

"டாக்டர், நாளைக்கு உங்ககிட்ட ஆளுங்க வருவாங்கன்னீங்களே?" என்றேன்.

"பதினோரு பேர். வாயத் திறந்து வச்சுட்டு உக்காந்திருக்கட்டும். நீங்க சறுக்குக்கட்டைய எடுங்க."

ரோடு மூடினால் கீழே கரகோல் நகரத்து ஆட்கள் யாரும் மேலே வர முடியாது. மலை முழுக்க எங்களுக்குத்தான். எங்களுக்கு என்றால், எனக்கும் எர்மெக்குக்கும். அவர் வீட்டில் போலந்துக்காரர்கள் மூன்று பேர் தங்கியிருந்தார்கள். அவர் புகைபோக்கியில் புகை வருவதற்குள் நாங்கள் காட்டுக்குள் நுழைந்துவிட்டோம்.

சறுக்குக்கட்டையின் அடியில் ஏறுதோலை ஒட்டிக்கொண்டுதான் ஏறுவோம். தோலின் மயிர் ஒரே பக்கமாகப் படுத்திருக்கும். முன்னால் வழுக்கும், பின்னால் வழுக்காது. அது இல்லாவிட்டால் எப்பேர்ப்பட்ட சூரனும் இந்த மலையில் பத்தடி ஏற முடியாது. அன்று தோல் இருந்தும் பாடுதான். முன்னால் போகிறவன் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலளவு பனியை உடைக்க வேண்டும். மூன்று மணி நேரம் நான்தான் உடைத்தேன். உள்சட்டை ஊறிவிட்டது. தாரியா பின்னாலிருந்து, "அண்ணே, நான் கொஞ்சம் முன்னால வரட்டா?" என்று ஒரு தடவை கேட்டாள். மரியாதைக்குத்தான் கேட்டாள், நானும் மரியாதைக்கு வேண்டாம் என்றேன்.

காட்டு நடுவில் ஒரு வெட்டவெளி. சமதரை. அதில் கால் வைத்ததும் பனிக்கு அடியில் 'வூம்' என்று ஒரு சத்தம் ஓடியது. நான் நின்றுவிட்டேன்.

"என்ன அது?" என்றாள் மதினா.

"மலைக்கு வயிறு சரியில்ல."

அடிப்பனி அமுங்கும்போது வரும் சத்தம் அது, சரிவு மொத்தமும் வழுக்கிவிடும் என்பதற்கு அறிகுறி. உச்சியை ஒட்டிய மேட்டில் மணப்பெண்ணின் விளிம்புக்கு இரண்டடி இந்தப் பக்கம் நின்று குழி தோண்டினேன். மேலே ராத்திரி விழுந்த புதுப்பனி, கனமாக, அழகாக. அதற்குக் கீழே ஜனவரியின் இருபது நாள் குளிர். கையில் அள்ளினால் சர்க்கரை மாதிரி விரலிடுக்கில் ஒழுகியது. ஒன்றோடொன்று ஒட்டாத பனி. ஒரு தூணை அறுத்து நிறுத்தி, மேலே மண்வெட்டியை வைத்து மணிக்கட்டால் தட்டினேன். பத்துத் தட்டு மணிக்கட்டால், பத்து முழங்கையால், பத்து தோளால். முப்பதும் தாங்கினால் கவலையில்லை. மூன்றாவது தட்டில் மேல்பாதி மொத்தமாக வழுக்கி வந்து என் மடியில் உட்கார்ந்தது.

"இறங்க வேண்டாம். காட்டு வழியாவே திரும்பிடலாம்" என்றேன்.

மதினா விளிம்புக்கு அப்பால் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. காக்காய்க் கால்கூடப் படவில்லை. "ஆறு நாள் காத்திருந்திருக்கேன், சாபிர்."

"அழுகின பல்லு மேல தங்க மூடி போட்டா நிக்குமா டாக்டர்?"

அவள் குழியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு கோபமாக உட்கார்ந்து குதிரைக்கறி சாஸேஜைக் கடிக்க ஆரம்பித்தாள். நல்ல பெண். படித்தவள் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

அப்போதுதான் பின்னால் பேச்சுச் சத்தம் கேட்டது. எர்மெக், அக்கா சையரா, போலந்துக்காரர்கள் மூவர். நான் உயிரைக் கொடுத்து உடைத்த பாதையில் நோகாமல் நொங்கு தின்றுகொண்டு வந்துசேர்ந்தார்கள். ஒருத்தர் முகத்திலும் வியர்வை இல்லை. எர்மெக் என் முன்னால் வந்து நின்றார். மீசையில் பனி. ஒரு வருஷத்துக்குப் பிறகு என்னிடம் முதல் வார்த்தை பேசினார்.

"ஷிரல்கா!"

வேட்டைக்காரன் வேட்டையோடு திரும்பும்போது எதிரில் வருகிறவன் இந்த வார்த்தையைச் சொன்னால் பங்கு கொடுத்தே ஆக வேண்டும். எதிரியே ஆனாலும் கொடுக்க வேண்டும். எங்கள் வழிகாட்டிகள் இதைப் பனிக்கும் வைத்திருக்கிறார்கள். கோடு படாத சரிவின் தலையில் நிற்பவனிடம் வந்து ஷிரல்கா சொன்னால் சரிவில் பங்கு உண்டு. எர்மெக் கேட்டது முறை தவறாத கேள்வி. சிரித்துக்கொண்டுதான் கேட்டார். சமாதானத்துக்கே வந்திருந்தாரோ என்னவோ.

"மச்சான், தர்றதுக்கு ஒண்ணுமில்ல. மணப்பெண் சரியில்ல" என்றேன்.

சிரிப்பு அப்படியே செத்துப்போனது. அவர் முகத்தை அக்கா பக்கம் திருப்பிக்கொண்டார். மூன்றடி தூரத்தில் நிற்கிற என்னிடம் அதற்குப் பிறகு அவள் வழியாகத்தான் பேசினார்.

"உன் தம்பிகிட்ட கேளு. காலடியில விரிசல் விடுதாமா?"

"டேய், கேக்கிறாருல்ல?" என்றாள் அக்கா.

"குழி தோண்டியிருக்கேன். வந்து பாருங்க. மூணாவது தட்டுல போயிடுச்சு."

எர்மெக் குழியை எட்டிப் பார்த்தார். "விளிம்புல எங்க தோண்டினாலும் இப்படித்தான் உடையும்னு சொல்லு. காத்து குவிச்ச பனி. நடுவுல வேறயா இருக்கும்."

அவர் சொன்னது தப்பில்லை. நானே பலதடவை விருந்தாளிகளிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

"வழியில வூம்னு சத்தம் வந்துச்சு மச்சான். இவங்களும் கேட்டாங்க."

"அவன் ஆளுங்க அவன் பக்கம்தானே பேசுவாங்கன்னு சொல்லு."

"ஹலோ, நான் யார் பக்கமும் இல்ல" என்றாள் மதினா, வாயில் சாஸேஜோடு.

"ரொட்டி கொண்டு வந்திருக்கானான்னு கேளு" என்றார் எர்மெக். "இருந்தா எடுத்து நெத்தியில வச்சு ஒரு சத்தியம் பண்ணச் சொல்லு. பார்க்க ஆசையா இருக்கு."

பையில் ரொட்டி இருந்தது. எடுக்க எனக்குக் கை வரவில்லை. புலி வருது புலி வருது என்று கத்தினவனுக்கு நிஜப் புலி வந்தபோது ஊர் செய்ததைத்தான் இவரும் செய்தார். தப்புச் சொல்ல முடியாது.

இதற்குள் அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. "ஆம்பளைங்க ரெண்டு பேரும் கட்டிப் புரண்டுட்டு வாங்க. நான் போறேன்" என்றாள். குனிந்து ஏறுதோலை உரித்தாள். சுருட்டிப் பைக்குள் போட்டாள். அவர்கள் குழுவில் புதுச் சரிவில் முதலில் இறங்குவது எப்போதும் அவள்தான். எடை குறைவு, கால் லேசு. எர்மெக் கைதட்டிச் சொல்வார், ஊரில் இவளைப் போல் சறுக்க ஆளில்லை என்று. உண்மைதான்.

"அக்கா, வேண்டாம்."

"போன வருஷம் நானும்தான்டா உன்ன நம்பினேன்." அவள் கட்டையைப் பூட்டினாள். டக், டக். விளிம்பை நோக்கி நகர்ந்தாள். கட்டையின் மூக்கு விளிம்பைத் தாண்டி வெறும் காற்றில் நீட்டிக்கொண்டு நின்றது.

"பொய்!" என்று கத்தினேன். "போன வருஷம் சொன்னது பொய்க்கா. நான் மேலயே போகல. தூங்கி எழுந்து நேரா உங்க வாசலுக்குத்தான் வந்தேன். விரிசலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. காத்து மாறினதும் பொய். என் ஆளுங்க குடிச்சுட்டுக் கிடந்தாங்க, கோடு உங்களுக்குப் போயிடுமேன்னு ரொட்டி மேல கைய வச்சேன். பொய் சொன்னேன். இன்னிக்கு சொல்லல. நகராதக்கா."

அக்கா திரும்பவும் இல்லை, நகரவும் இல்லை. எர்மெக் மெதுவாக முகத்தைத் திருப்பினார். இந்தத் தடவை என்னையே பார்த்தார்.

"இன்னொரு தடவ சொல்லு."

"போன வருஷம் நான் சொன்னது பொய்."

"சத்தமா. இவங்களுக்குக் கேக்கல."

போலந்துக்காரர்களுக்கு எங்கள் மொழி ஒரு எழுத்துத் தெரியாது. இருந்தாலும் சத்தமாகச் சொன்னேன். மதினா தானாக முன்வந்து ருஷ்யனில் மொழிபெயர்த்தாள். அவர்களில் தாடிக்காரன் ஒருவன் "ஓ" என்றான்.

"சரி" என்றார் எர்மெக். "இதுவும் ஒரு வித்தையா இருந்தா? நாங்க கீழ இறங்கினதும் மத்தியானம் நீ திரும்ப ஏறி வந்து கோடு போடமாட்டேன்னு என்ன நிச்சயம்?"

என்னிடம் கொடுக்க வேறு எதுவும் இல்லை. என் வார்த்தை போன வருஷமே செல்லாக்காசு. என் கட்டையிலிருந்து ஏறுதோல் இரண்டையும் உரித்து அவரிடம் நீட்டினேன்.

"இது இல்லாம நான் எப்படி ஏறுவேன்? வச்சுக்கோங்க. நீங்களா எப்போ தரணும்னு தோணுதோ அப்போ தாங்க."

"அடுப்புக்கு மேல பழைய ஜோடி ஒண்ணு தொங்குது" என்றாள் அக்கா, திரும்பாமலே. கூடப்பிறந்தவள் என்றால் சும்மாவா.

"அதையும் வந்து எடுத்துட்டுப் போங்க."

எர்மெக் தோலை வாங்கி இரண்டாக மடித்தார். ஜாக்கெட்டைத் திறந்து உள்ளே திணித்து ஜிப்பை இழுத்தார். "சையரா, இந்தப் பக்கம் வா" என்றார்.

அவள் ஒரு கட்டை நீளம் பின்னால் வந்தாள். அப்போதுதான் குழி விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். பயம் என்றால் அதுதான் பயம். அதற்கு முன்னாலும் சரி, பிறகும் சரி, நான் அப்படிப் பயந்ததில்லை.

காட்டு வழியாக எட்டுப் பேரும் சேர்ந்தே இறங்கினோம். மணப்பெண்தான் இல்லை என்று ஆனதே தவிர, பனிக்கு ஒரு குறையும் இல்லை. தேவதாரு மரங்களுக்கு நடுவில் தொடையளவுப் புதுப்பனி. அங்கே சரிவும் குறைவு, மரங்களும் பனியைப் பிடித்துவைத்திருக்கும். கட்டை கண்ணுக்குத் தெரியவில்லை. காலுக்கு அடியில் தரை இருப்பதே தெரியவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் பனி எழும்பி முகத்தில் அடித்தது, மூச்சு விட்டால் வாய்க்குள் போனது. சத்தமே இல்லை. முதல் கோடு அக்காவுடையது. மரங்களுக்கு நடுவில் அவள் குனிந்து நிமிர்ந்து போன அழகைப் பார்த்துக்கொண்டே நான் ஒரு கிளையில் மோதி விழுந்தேன். மதினா என் தலைக்கு மேல் பனியை வாரியிறைத்துக்கொண்டு, குழந்தை மாதிரி கத்திக்கொண்டே தாண்டிப் போனாள். கீழே வந்ததும், "இதத்தான் மொதல்லயே காட்டியிருக்கலாமே" என்றாள். வாடிக்கையாளர் புத்தி அவ்வளவுதான்.

அன்று மத்தியானம் ஊரே மணப்பெண்ணை அண்ணாந்து பார்த்தது. கோடு இல்லை. பனிச்சரிவும் இல்லை. சின்னக் கட்டிகூட உருளவில்லை. மறுநாள் வெயில் அடித்தது, அன்றும் ஒன்றும் ஆகவில்லை. வெள்ளையாக, சமர்த்தாக உட்கார்ந்திருந்தாள். டீக்கடையில் ஒருவன், "ரொட்டி சாபிர் கல்யாணத்தையே நிறுத்திட்டான்யா" என்றான். இன்னொருவன், "இந்தத் தடவ எது மேல சத்தியம் பண்ணான், பாலாடைக்கட்டி மேலயா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். எர்மெக்கே திரும்பிவந்துவிட்டார் என்பதால்தான் வேறு யாரும் மேலே போகவில்லை. என் பேச்சுக்காக இல்லை.

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. விளிம்பு என்பதால்தான் உடைந்ததோ? நடுவில் நிஜமாகவே வேறாக இருந்ததோ? தோல் இருந்தால் போய்ப் பார்த்திருப்பேன். பழைய ஜோடியையும் முதல் நாளே அக்கா வந்து கொண்டுபோய்விட்டாள்.

மூன்றாம் நாள் காலை புல்டோசர் சத்தம் பள்ளத்தாக்கில் கேட்டது. மதினாவும் தாரியாவும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தேன். எர்மெக். தோல் ஜோடியை நீட்டினார்.

வாங்கினதும் தெரிந்துவிட்டது. ஈரம். மூன்று நாள் வீட்டில் தொங்கின தோல் விறகு மாதிரி காய்ந்திருக்க வேண்டும். இது சில்லென்று கனத்தது. மயிரிடுக்கில் பச்சைத் தேவதாரு ஊசி இரண்டு சிக்கியிருந்தது.

"மேல போனீங்களா?"

"என்னோடது பசை விட்டுப்போச்சு. உன்னோடத ஒட்டிக்கிட்டேன்."

"எப்போ?"

"இன்னிக்கு. விடியுமுன்ன." வாசற்படியில் பூட்ஸைத் தட்டினார். "பாறையில கயிறு கட்டிட்டு நடுவுக்கு இறங்கினேன். அவ போக இருந்த இடத்துக்கு. குழி தோண்டித் தூண நிறுத்தினேன்."

தோல்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். அவரே சொன்னார்.

"மண்வெட்டிய மேல வச்சேன். வச்சதுதான் மாப்ள. தட்டவே இல்ல, போயிடுச்சு."

கீழே புல்டோசர் உறுமியது. இரண்டு பேரும் அந்தத் திசையில் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் மீசை ஒரு பக்கமாக இழுத்தது. அழுகிறாரோ என்று நினைத்தேன், பார்க்கவில்லை.

"டீக்கடையில சொன்னீங்களா?" என்றேன்.

"எதுக்கு? வசந்தம் வரைக்கும் ரொட்டி சாபிராவே இரு. உனக்கு அது வேணும்."

"வேணும்தான்."

சொல்ல வந்ததைச் சொல்லியாகிவிட்டது, கொடுக்க வந்ததைக் கொடுத்தாகிவிட்டது. அவர் போகவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏன்டா, வாசல்ல வந்து நிக்கிறவனுக்கு ரொட்டி கிடையாதா இந்த வீட்ல?"

உள்ளே ஓடி, மதினாவின் தட்டில் இருந்த முழு ரொட்டியையே எடுத்துக்கொண்டு வந்தேன். அவர் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு நிதானமாக மென்றார். இன்னொரு துண்டைப் பிய்த்து, "இது உன் அக்காவுக்கு" என்று சொல்லி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.